லண்டனில் குடியிருக்க முதல் நாரோபோட்: மூன்று விளம்பரங்கள், எதைப் போய்ப் பார்ப்பது?

ஆல்பர்ட்டன்_ஜோடி:

எல்லாருக்கும் வணக்கம். நானும் கணவரும் ஆல்பர்ட்டனில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை கட்டி மாளவில்லை. நாரோபோட் (கால்வாயில் ஓடும் ஒடுக்கமான நீளப் படகு) ஒன்று வாங்கி அதிலேயே குடியிருக்கலாம் என்று யோசனை. கையில் மொத்தம் 65,000 பவுண்டு, கடன் வாங்குவதாக இல்லை. இரண்டு பேருக்கும் வேலை லண்டனுக்குள்தான். நான் வாரத்தில் 3 நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பேன். படகு ஓட்டிய அனுபவம் சுத்தமாகக் கிடையாது.

அப்போலோ டக் தளத்தில் மூன்று விளம்பரங்களைக் குறித்து வைத்திருக்கிறோம்.

அ) 1991, 50 அடி, ட்ராட் ஸ்டெர்ன் (சிறிய பின்தளம்), 36,000. "2014இல் ஓவர்பிளேட் செய்தது" என்று ஒரு வரி இருக்கிறது.
ஆ) 2005, 57 அடி, குரூஸர் ஸ்டெர்ன் (அகன்ற திறந்த பின்தளம்), தகடு 10/6/4, இசுஸு 38 குதிரைத்திறன் இன்ஜின், 56,000.
இ) 10 அடி அகல வைட்பீம், உள்வேலை பாதியில் நிற்கிறது, 63,000.

மூன்றிலும் பிஎஸ்எஸ் (படகுப் பாதுகாப்பு) சான்றிதழ் இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். அது இருந்தால் சர்வே (நிபுணரைக் கொண்டு படகைச் சோதிப்பது) தனியாக வேண்டுமா? மூரிங் (படகைக் கட்டி நிறுத்த நிலையான இடம்) இல்லாமல் சமாளிக்க முடியுமா? நேரில் போனால் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பாடிங்டன்_ஆர்ம்:

படகைப் பார்க்கப் போகும் முன், அதை எங்கே கட்டப்போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். எந்தப் படகு என்பதே அதைப் பொறுத்துத்தான்.

கால்வாய்களை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டிடம் (இனி சிஆர்டி) லைசன்ஸ் எடுக்கும்போது இரண்டு வழி உண்டு. ஒன்று, நிரந்தர மூரிங் காட்டுவது. இன்னொன்று, மூரிங் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பது, அதாவது கன்டின்யுவஸ் குரூஸிங். இரண்டாவதற்கு அடிப்படை 1995ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம்: உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும், ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. "14 நாளைக்கு ஒரு முறை அடுத்த பாலத்துக்கு நகர்த்திட்டா போதும்" என்று கரையில் பலர் சொல்வார்கள். போதாது. லைசன்ஸ் காலத்துக்குள் மொத்த வீச்சு குறைந்தது 20 மைலாவது இருக்க வேண்டும் என்று சிஆர்டி எதிர்பார்க்கிறது. ஒரே இரண்டு மைலுக்குள் முன்னும் பின்னும் போய்வந்தால் அடுத்த முறை 6 மாத லைசன்ஸ்தான் கிடைக்கும். அதிலும் திருந்தாவிட்டால் புதுப்பிக்கவே மாட்டார்கள். அவர்களுடைய ஆட்கள் கரையில் நடந்தபடியே படகு எண்ணைப் பதிவு செய்கிறார்கள், ஆகவே கணக்கு அவர்கள் கையில் இருக்கும்.

லண்டன் வேலையோடு இது முடியுமா என்றால், முடியும். கௌலி லாக்கிலிருந்து புல்ஸ் பிரிட்ஜ், உங்கள் ஆல்பர்ட்டன், லிட்டில் வெனிஸ் வழியாகக் கேம்டன் வரை ஒரு லாக்கும் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) இல்லை. கேம்டனிலிருந்து லைம்ஹவுஸ் வரை 12 லாக். அங்கிருந்து லீ ஆற்றில் ஏறி ஹார்ட்ஃபோர்ட் வரை போகலாம். படகு மணிக்கு 3 மைல் போகும், ஒரு லாக்குக்கு 15-20 நிமிடம். ஒரு சனிக்கிழமையில் 8 மைலும் 4 லாக்கும் தாராளம். சிரமம் ஓட்டுவதில் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்தில் கட்ட இடம் கிடைப்பதில். மத்திய லண்டனில் இன்னொரு படகின் பக்கத்தில் அணைத்துக் கட்டுவதுதான் வழக்கம். அப்புறம் உங்கள் யன்னலைத் திறந்தால் பக்கத்துப் படகுக்காரர் சமையலறைதான் தெரியும்.

செலவில் இதையும் சேருங்கள். இந்த அளவுப் படகுக்கு லைசன்ஸே வருடம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். மூரிங் இல்லாதவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து கூடுதல் கட்டணம், 5 சதவீதத்தில் ஆரம்பித்து 2028க்குள் 25 சதவீதம் ஆகிறது. அகலப் படகுக்கு அது போகத் தனிக் கூடுதல் உண்டு.

மரினாவில் (படகுத் துறையில்) இடம் எடுப்பதாக இருந்தால் "ரெசிடென்ஷியல்" என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். "லெஷர்" (பொழுதுபோக்கு) மூரிங்கில் முழுநேரமும் குடியிருக்க அனுமதி இல்லை, அதை முகவரியாகவும் காட்ட முடியாது. முகவரி இல்லாமல் வங்கியும் டிரைவிங் லைசன்ஸும் இழுபறிதான். உறவினர் வீட்டு முகவரி ஒன்று நிலையாக இருந்தால் நிம்மதி. டாக்டரிடம் பதிவு செய்ய மட்டும் முகவரிச் சான்று தேவையில்லை.

"படகோடு மூரிங்கும் வரும்" என்று விளம்பரத்தில் இருந்தால் நம்பாதீர்கள். ஒப்பந்தம் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும், பெரும்பாலும் கைமாறாது. மரினா நிர்வாகத்திடமிருந்தே எழுதி வாங்குங்கள்.

"இ" படகை இப்போதே விட்டுவிடலாம். 10 அடி அகலம் லண்டனுக்குள் ஓடும், கிராண்ட் யூனியன் கால்வாயில் வடக்கேயும் கொஞ்சம் போகும். ஆனால் பிளிஸ்வொர்த், பிரான்ஸ்டன் சுரங்கங்களுக்கு முன்பதிவு வேண்டும், வாட்ஃபோர்ட், ஃபாக்ஸ்டன் லாக்குகள் 7 அடிதான், அதோடு சரி. மிட்லண்ட்ஸின் ஒடுக்கமான கால்வாய்கள் எல்லாம் கதவடைப்பு. 57 அடிக்கு 6 அடி 10 அங்குலம் என்ற நாரோபோட் அளவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. யார்க்ஷயரின் கால்டர் அண்ட் ஹெபிள் லாக்குகள் 57 அடியை ஒட்டித்தான் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் அடங்கும் படகு ஏறக்குறைய நாடு முழுக்கப் போகும், விற்கும்போதும் வாங்க ஆள் இருக்கும்.

தகடு_கனம்:

மூரிங் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. நான் இரும்பைப் பற்றி மட்டும்.

முதலில் பிஎஸ்எஸ். 4 வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் அது. காஸ் லைன், டீசல் லைன், வயரிங், தீயணைப்பான், காற்றோட்டம், கார்பன் மோனாக்சைடு அலாரம் (2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம்), இவ்வளவுதான் அதில் வரும். ஹல் (படகின் வெளி உடல்) தகடு ஓட்டையாகும் நிலையில் இருந்தாலும் பிஎஸ்எஸ் கிடைக்கும், ஏனென்றால் அதற்காகப் படகைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுப்பதே இல்லை. ஆகவே சர்வே வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. வேண்டும்.

10/6/4 என்றால் அடித்தகடு 10 மி.மீ., பக்கத்தகடு 6, மேலே கேபின் 4. இது கட்டியபோது இருந்த கனம். தண்ணீரோடு உரசும் பகுதி வருடா வருடம் தேயும். 4 மி.மீ. என்பதை எல்லைக்கோடாக மனதில் வையுங்கள். அதற்குக் கீழே போனால் பெரும்பாலான இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழுக் காப்பீடு தராது. படகுக்கு 25-30 வயது தாண்டினால் சர்வே ரிப்போர்ட்டையே கேட்பார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் லைசன்ஸும் இல்லை.

சர்வே எப்படி நடக்கும் என்றால், படகைக் கிரேனிலோ டிரை டாக்கிலோ வெளியே எடுத்து, பாசியைப் பிரஷர் வாஷரால் கழுவி, அல்ட்ராசோனிக் கருவியை வைத்து நீளவாக்கில் சீரான இடைவெளியில் கனம் எடுப்பார்கள். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். துருப் பள்ளங்களின் ஆழத்தைத் தனியாக அளப்பார்கள். கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. "சராசரி 5.6" என்ற எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சுற்றியுள்ள தகட்டின் கனத்திலிருந்து மிக ஆழமான பள்ளத்தைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு என்பதே கேள்வி. தண்ணீர் ஊசிமுனை அளவு ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும், சராசரி வழியாக இல்லை.

சர்வேயரை நீங்களே பிடியுங்கள். ஒய்டிஎஸ்ஏ அல்லது ஐஐஎம்எஸ் என்ற சர்வேயர் சங்கத்தில் உறுப்பினராக இருக்கட்டும். விற்பவர் கையில் வைத்திருக்கும் பழைய ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது, அந்தச் சர்வேயர் பொறுப்பு அதற்குப் பணம் கொடுத்தவருக்கு மட்டும்தான். ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். முழு சர்வேயும் படகை வெளியே எடுக்கும் செலவும் சேர்த்து ஆயிரம் பவுண்டை ஒட்டி ஒதுக்கி வையுங்கள். வாங்காமல் விட்டாலும் அந்தக் காசு திரும்பாது. அதனால் சர்வேக்கு முன்னால் நீங்களே வடிகட்ட வேண்டியவை சில உண்டு.

கேபினின் பின்கோடியில், படிக்குப் பக்கத்தில், தரையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் தூக்கி, டார்ச் அடித்து, கையை விட்டுப் பாருங்கள். அதுதான் கேபின் பில்ஜ், தரைக்கும் அடித்தகட்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடம். காய்ந்த தூசி என்றால் நல்லது. லேசான ஈரம் என்றால் குளிரில் வேர்த்த தண்ணீராக இருக்கலாம். அரை அங்குலம் தண்ணீர் நின்றால் ஷவர் தட்டோ தண்ணீர்த் தொட்டியோ யன்னலோ எதுவோ ஒழுகுகிறது, அந்தத் தண்ணீர் அடித்தகட்டை உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கிறது. அந்த மூடியே இல்லை என்றாலோ, மேலே புது லாமினேட் தரையை ஒட்டி மறைத்திருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

யன்னல் சட்டத்துக்குக் கீழே பிளைவுட்டில் கறுப்புத் தீற்றல் இருக்கிறதா பாருங்கள். காஸ் லாக்கரின் அடித்தளத்தில் துரு செதில் செதிலாக வருகிறதா? குரூஸர் ஸ்டெர்னில் பின்தளப் பலகைகளைத் தூக்கினால் ஓரமாக ஒரு வடிகால் பள்ளம் ஓடும். அது இலை அடைத்துக் கிடந்தால் மழைத்தண்ணீர் எல்லாம் இன்ஜின் தட்டில்தான் இறங்கியிருக்கும். உள்ளே இன்சுலேஷன் ஸ்ப்ரே ஃபோமா, பாலிஸ்டைரீனா என்றும் கேளுங்கள். பாலிஸ்டைரீன் பட்ட இடத்தில் பிவிசி வயரின் உறை விறைத்து வெடித்துவிடும்.

இனி "அ" படகின் ஓவர்பிளேட்டிங். மெலிந்த தகட்டின் மேல் புதுத் தகட்டைப் போட்டு வெல்டு செய்வது. தப்பான வேலை இல்லை, ஆனால் ஒரு வரி விளம்பரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எத்தனை மி.மீ. தகடு, அடியில் மட்டுமா, பக்கமும் நீர்மட்டத்துக்கு மேல் வரையா, செய்த யார்டின் ரசீது எங்கே, செய்த பின் எடுத்த ரிப்போர்ட் எங்கே? இந்த நாலுக்கும் காகிதம் வேண்டும். எடையையும் கணக்குப் போடுங்கள். 50 அடிப் படகின் அடிக்கு மட்டும் 5 மி.மீ. தகடு போட்டாலே 1.2 டன் கூடும். உள்ளேயிருந்து அந்த அளவு பாலஸ்ட் கல்லை (படகை நிலைநிறுத்த அடியில் போடும் எடை) எடுக்காமல் விட்டிருந்தால் படகு 4 செ.மீ. கீழே இறங்கியிருக்கும். கூடவே சிங்க் அவுட்லெட், இன்ஜின் அறைக் காற்றுத்துளை எல்லாம் தண்ணீருக்கு அருகே வந்திருக்கும். எந்தத் துளையும் நீர்மட்டத்துக்குமேல் 25 செ.மீ.யாவது இருக்க வேண்டும் என்பது சர்வேயர்கள் பார்க்கும் அளவு.

என் கணிப்பு: "ஆ"வைப் பாருங்கள். கேட்கும் விலையில் 56,000 போனால் மிச்சம் 9,000, அதில்தான் சர்வே, இன்சூரன்ஸ், லைசன்ஸ், பற்றரி, பிளாக்கிங் (ஹல்லுக்கு அடிக்கும் கறுப்புப் பூச்சு) எல்லாம் அடங்க வேண்டும். 65,000க்கும் படகு வாங்கிவிட்டு வெறுங்கையோடு நிற்பது, யானை வாங்கிவிட்டுத் தீனிக்கு அலைவதுதான்.

கீரிமலை_மோட்டார்:

தங்கச்சி, ஹல் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் எஞ்சினும் கரண்டும் சொல்லுறன்.

பார்க்கப் போகேக்க எஞ்சினை முதலே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. போன உடனே எஞ்சின் புளொக்கிலை கையை வைச்சுப் பாருங்கோ. சூடா இருந்தா, குளிரிலை அது லேசிலை ஸ்டார்ட் ஆகாது எண்டு அவைக்கே தெரியும். குளிர்ந்த எஞ்சின் ஹீட்டர் பிளக் போட்டு சில செக்கனுக்குள்ளை பிடிக்க வேணும். ஆரம்பத்திலை கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நிண்டால் பரவாயில்லை. நிக்காமல் நீலப்புகை வந்தால் ஒயில் எரியுது. சுமையிலை கறுப்புப் புகை எண்டால் காத்துக் காணாது, இல்லாட்டி இன்ஜெக்டரிலை பிழை. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கோ, ஒயில் பால்தேத்தண்ணி நிறத்திலை இருந்தால் தண்ணி கலந்திருக்கு, அந்தப் படகை விட்டிடுங்கோ.

பிறகு கயிறு இறுக்கிக் கட்டினபடியே கியரிலை போட்டு, நடுத்தர வேகத்திலை 20-30 நிமிசம் ஓட விடுங்கோ. நாரோபோட் எஞ்சின் பெரும்பாலும் ஸ்கின் ராங்கிலை குளிருறது, அதாவது ஹல்லோடை ஒட்டின தொட்டிக்குள்ளாலை கூலன்ற் சுத்தி வரும். தொட்டி சின்னனா இருந்தாலோ காத்து அடைச்சிருந்தாலோ சும்மா ஓடேக்க ஒண்டும் தெரியாது, சுமை குடுத்தால்தான் வெப்பமானி ஏறும். கரையிலை நிண்டு 5 நிமிசம் ஓட்டிக் காட்டுறதை நம்பிப் போடாதேங்கோ. இசுஸு 38 நல்ல எஞ்சின், பார்ட்ஸ் கிடைக்கும். 250 மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒயில் மாத்தின புத்தகம் இருக்கா எண்டு கேளுங்கோ. டீசல் ஃபில்டர் கிண்ணத்திலை கறுப்புச் சளி மாதிரி இருந்தால் ராங்கிலை கிருமி வளருது. டீசலுக்குள்ளை தண்ணி நிக்கிறதாலை வாற வேலை அது. ராங்கை நிரப்பி வைச்சால் குறையும்.

ஸ்டெர்ன் கிளாண்ட் எண்டது புரொப்பெல்லர் தண்டு வெளியாலை போற இடம். ஓடேக்க சொட்டுச் சொட்டா விழலாம், நிண்டபிறகு கிறீஸ் திருகியை இறுகுமட்டும் சுத்தினால் நிக்க வேணும். நிக்காட்டி உள்ளை இருக்கிற பக்கிங் மாத்த வேணும். வேலை பெரிசில்லை, ஆனால் பேரம் பேச உதவும்.

இப்ப சொல்லுறதை மனசிலை எழுதி வையுங்கோ. பின்னுக்கு வீட் ஹட்ச் எண்டு ஒரு பெட்டி இருக்கு. புரொப்பெல்லரிலை பிளாஸ்ரிக் பை, சேலைத் துண்டு, கயிறு எல்லாம் சுத்தும். சவுத்தால் பக்கம் நிறையச் சுத்தும். எஞ்சினை நிப்பாட்டி, திறப்பை (சாவியை) கழட்டி கையிலை எடுத்துப்போட்டு, அந்தப் பெட்டிக்குள்ளாலை கையை விட்டு வெட்டி எடுக்க வேணும். முடிஞ்சபிறகு மூடியை வைச்சுக் கட்டையை இறுக்க மறந்து எஞ்சினைப் போட்டால், புரொப்பெல்லர் அடிக்கிற தண்ணி முழுக்க எஞ்சின் அறைக்குள்ளை வரும். நிமிசக் கணக்கிலை படகு தாழும். நாரோபோட் தாழுறதுக்கு இதொரு முக்கிய காரணம். மற்றது, லொக்கிலை இறங்கேக்க பின்பக்கம் 'சில்' எண்ட, மேல்கதவுக்குக் கீழை நீட்டி நிக்கிற படியிலை ஏறிக் குந்துறது. சுவரிலை வெள்ளைக் கோடு போட்டிருப்பினம், படகு முழுக்க அதுக்கு முன்னாலை நிக்க வேணும்.

கரண்டுக் கணக்கு. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 35-45 ஆம்ப்-அவர். 60 வாட் லப்ரொப் 8 மணித்தியாலம் எண்டால் 40. லைற், பம்ப், ஃபோன், ரவுட்டர் சேர்த்து இன்னொரு 40. ஆக 120 கிட்ட வருது. 110 ஆம்ப் லெட்-அசிட் பற்றரி நாலு எண்டால் 440, அதிலை பாதிதான் எடுக்கலாம், மிச்சத்தைத் தொட்டால் பற்றரி சாகும். ஓய்விலை 12.7 வோல்ட் எண்டால் முழுசு, 12.2 எண்டால் பாதி. விக்கிறவர் "பற்றரி நல்லா இருக்கு" எண்டால் பூச்சியம் எண்டு எழுதிக்கொள்ளுங்கோ.

கூரையிலை 400 வாட் சோலர் ஜூன் மாதம் இந்த 120ஐ லேசாத் தரும். டிசெம்பரிலை 10-20 தந்தால் பெரிய விசயம். அப்ப எஞ்சின்தான் ஒவ்வொரு நாளும் 3-4 மணித்தியாலம் ஓட வேணும், அதுவும் இரவு 8 தொடக்கம் காலை 8 வரை கட்டி நிக்கேக்க ஓட விடேலாது, லைசன்ஸ் நிபந்தனை. வீட்டிலை இருந்து வேலை செய்யிற ஆளுக்கு இதைத்தான் முதலிலை யோசிக்க வேணும்.

குசினி: 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணித்தியாலம் ஓடினால் 30 ஆம்ப்-அவருக்கு மேலை போகும். சோத்தைக் காஸிலை பிறஷர் குக்கரிலை வையுங்கோ. மிக்ஸி பரவாயில்லை, ரண்டு மூண்டு நிமிசம்தானே, ஆனால் மோட்டர் எழும்பேக்க இழுக்கிற கரண்டுக்கு இன்வேட்டர் 2000 வாட் 'பியூர் சைன் வேவ்' வகையா இருக்க வேணும். காஸ் சிவப்பு சிலிண்டர் புரொப்பேன் 13 கிலோ வாங்குங்கோ. நீலம் பியூட்டேன், உறைநிலைக்குக் கிட்டப் போனால் வராது. இடியப்பம், இட்டலி அவிச்சால் அந்த ஆவி முழுக்க யன்னல் சட்டத்திலை தண்ணியா வடியும். கூரையிலை இருக்கிற காளான் வென்ரை (காத்துத் துளையை) குளிருக்காக அடைச்சுப் போடாதேங்கோ, அது அடுப்புப் புகைக்கும் சேர்த்துத்தான்.

பாடிங்டன்_ஆர்ம்:

அண்ணன் கழிவறையை விட்டுவிட்டார். கசெட் என்றால் 20 லிட்டர் பெட்டி, இரண்டு பேருக்கு 2-3 நாள். உதிரிப் பெட்டி ஒன்று கூட வைத்துக்கொண்டால் 4-6 நாள் ஓட்டலாம். எல்சான் பாயிண்டில் (கரையோரக் கழிவு கொட்டும் இடம்) இலவசமாகக் கொட்டலாம். பம்ப்-அவுட் தொட்டி (கழிவைப் பம்பால் உறிஞ்சி எடுப்பது) வாரக்கணக்கில் தாங்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் 15-25 பவுண்டு, அதோடு முழுப் படகையும் அங்கே ஓட்டிப்போக வேண்டும். கால்வாய் உறைந்தாலோ, நவம்பர் முதல் மார்ச் வரை நடக்கும் பராமரிப்பில் லாக் மூடியிருந்தாலோ மாட்டிக்கொள்வீர்கள். சுற்றித் திரிபவர்களுக்குக் கசெட்தான்.

கீரிமலை_மோட்டார்:

அதை நான் முழுக்க ஒத்துக்கொள்ளேல்லை. லண்டனுக்குள்ளை எல்சான் பாயிண்ட் பழுதாகி மூடிக் கிடக்கிற நாள் கொஞ்சமில்லை. பம்ப்-அவுட் உள்ள படகு கிடைச்சால் அதுக்காக விடாதேங்கோ, அவசரத்துக்கு ஒரு சின்ன கசெட் தனியா வாங்கி வைச்சால் முடிஞ்சுது. பிரிக்கிற ரொய்லற் (சலத்தையும் மலத்தையும் வேறாக்கிறது) போடுறதெண்டால் ஒண்டு தெரிஞ்சிருங்கோ: அந்தக் கழிவைப் பையிலை கட்டி சிஆர்டி குப்பைத்தொட்டியிலை போட அனுமதி இல்லை.

ரசீது_எங்கே:

காகித விஷயம் யாரும் சொல்லவில்லை. காருக்கு இருப்பதுபோலப் படகுக்கு அரசாங்க உரிமைப் புத்தகம் இங்கே கிடையாது. சிஆர்டியின் இண்டெக்ஸ் எண் உரிமைச் சான்று ஆகாது. விற்பவர் யாரிடம் வாங்கினார் என்ற பில் ஆஃப் சேல், முடிந்தால் அதற்கு முந்தையதும், கட்டிய யார்டின் இன்வாய்ஸ் வரை சங்கிலி அறுபடாமல் இருந்தால் நல்லது. 1998 ஜூனுக்குப் பின் கட்டிய படகில் ஹல் அடையாள எண் பொறித்திருக்கும், உரிமையாளர் கையேடும் இணக்கப் பத்திரமும் கூட வர வேண்டும். எண் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் பாருங்கள். பாதியில் நிற்கும் "இ" மாதிரிப் படகுகளில் இந்தப் பத்திரங்கள்தான் முதலில் காணாமல் போயிருக்கும்.

மரைன் கடன் பாக்கி, மரினா வாடகை பாக்கி எதுவும் இல்லை என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வழக்கமான டெபாசிட் 10 சதவீதம். "சர்வேக்கு உட்பட்டது, சரியில்லை என்றால் முழுத் தொகையும் திரும்பும்" என்று எழுதிக் கையெழுத்தான பிறகே கொடுங்கள். லைசன்ஸ் கைமாறாது. பழையவர் தன்னுடையதை ரத்து செய்வார், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். அதற்குச் செல்லுபடியாகும் பிஎஸ்எஸ்ஸும் இன்சூரன்ஸும் தேவை. "மூணு மாச லைசன்ஸ் பாக்கி இருக்கு" என்று விலையில் சேர்த்தால் ஏமாறாதீர்கள்.

ஆல்பர்ட்டன்_ஜோடி:

எல்லாருக்கும் நன்றி. "ஆ"வைப் பார்த்து, 54,000க்குப் பேசி, சர்வேக்கு உட்பட்டு டெபாசிட் கட்டினோம். ரிப்போர்ட் வந்துவிட்டது. அடித்தகடு 9.1 முதல் 9.6. பக்கத்தகடு 5.2 முதல் 5.7. இடது பக்கம் பின்பாதியில் நீர்மட்டத்தை ஒட்டிப் பள்ளங்கள், பெரும்பாலும் 1 மி.மீ.க்குள், ஆனால் 6 இடத்தில் 1.6 முதல் 1.9 வரை. நான்கு அனோடில் (ஹல்லுக்குப் பதில் தான் கரையும் உலோகக் கட்டி) பின்னால் உள்ள இரண்டும் முழுக்கக் கரைந்துவிட்டன. கால்வானிக் ஐசொலேட்டர் இல்லை. சிங்க் அவுட்லெட் ஒன்று நீர்மட்டத்திலிருந்து 17 செ.மீ.தான். புரோக்கர் "20 வயசுப் படகுக்கு இதெல்லாம் சகஜம்" என்கிறார். விட்டுவிடலாமா?

தகடு_கனம்:

விட வேண்டாம், விலையைக் குறையுங்கள்.

அடித்தகடு அருமை. பக்கத்தில் 5.2 இருக்கும் இடத்தில் 1.9 பள்ளம் விழுந்திருந்தால் மிச்சம் 3.3. இது 4க்குக் கீழே, ஆகவே இன்சூரன்ஸுக்காக இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஆனால் 6 பள்ளத்துக்காக ஓவர்பிளேட் தேவையில்லை. பள்ளத்தைத் தேய்த்துச் சுத்தமாக்கி வெல்டு உலோகத்தால் நிரப்பி மட்டமாக்கினால் போதும். யார்டில் கேட்க வேண்டியது: அந்த ஆறு இடத்துக்கும் உள்பக்கம் என்ன இருக்கிறது? ஃபோமோ மரப்பலகையோ இருந்தால் வெல்டிங் சூட்டில் தீப்பிடிக்கும். உள்ளே பலகையைக் கழற்றி, ஃபோமைச் சுரண்டி, தீயணைப்பானோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். படகின் பின்பாதி என்பதால் டீசல் தொட்டியோ ஸ்கின் டாங்கோ அங்கே வருகிறதா என்றும் பாருங்கள். கூலி ஏறுவது வெல்டிங்கால் இல்லை, இந்தக் கழற்றி மாட்டும் வேலையால்.

காரணத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தை மட்டும் அடைத்தால் மூன்று வருடத்தில் மறுபடி வரும். பின் அனோட் இரண்டும் கரைந்தது, ஐசொலேட்டர் இல்லாதது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படகு நெடுநாள் மரினாவில் கரைக் கரண்டில் கட்டிக் கிடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. கரைக் கரண்டின் எர்த் வயர் வழியாக எல்லாப் படகுகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடும், உங்கள் அனோட் பக்கத்துப் படகுக்கும் சேர்த்துக் கரையும், அது தீர்ந்ததும் ஹல் கரைய ஆரம்பிக்கும். அதைத் தடுக்கக் கால்வானிக் ஐசொலேட்டர் ஒன்று போடுங்கள், செலவு அதிகமில்லை. அனோட் நான்கையும் மாற்றுங்கள். கால்வாய் நன்னீர் என்பதால் மக்னீசியம்தான், கடலுக்கான துத்தநாகம் இங்கே வேலை செய்யாது.

இன்னொன்றைச் சர்வேயரிடம் கேளுங்கள்: பள்ளத்தின் மேல் ஆரஞ்சுக் கொப்புளம் இருந்து, உடைத்தால் கறுப்புச் சேறும் அடியில் பளிச்சென்ற இரும்பும் தெரிந்ததா? அப்படியானால் நுண்ணுயிர் அரிப்பும் கூட இருக்கிறது. பிளாக்கிங்குக்கு முன் நன்னீரால் அழுத்தமாகக் கழுவி, பிளீச் கலந்த தண்ணீர் அடித்து, திரும்பக் கழுவிக் காயவிட வேண்டும். இல்லையென்றால் பிட்டுமன் (தார்ப் பூச்சு) அடியிலேயே அது வளரும். பிட்டுமன் அடித்தால் 2-3 வருடத்துக்கு ஒரு முறை வெளியே எடுக்க வேண்டும். டூ-பேக் எபாக்ஸி இன்னும் அதிக நாள் வரும், ஆனால் பழைய பிட்டுமனை முழுக்க உரித்தால்தான் ஒட்டும்.

வெல்டிங், அனோட், பிளாக்கிங் மூன்றுக்கும் யார்டிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை அப்படியே விலையில் கழிக்கச் சொல்லுங்கள். விற்பவரே செய்து தருகிறேன் என்றால், வெல்டு முடிந்ததும் பிளாக்கிங் அடிப்பதற்கு முன் உங்கள் சர்வேயர் மறுபடி வந்து கருவி வைத்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மீதிப் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கறுப்பு அடித்துவிட்டால் வெல்டு எப்படி இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது.

கீரிமலை_மோட்டார்:

படகு டொக்கிலை நிக்கேக்கையே அந்த 17 சென்ரிமீற்றர் அவுட்லெட்டையும் மேலை ஏத்திப் போடச் சொல்லுங்கோ. பழைய ஓட்டையை ரப்பர் மூடி போட்டு அடைக்க விடாதேங்கோ, தகடு வைச்சு வெல்டு பண்ண வேணும்.